மஞ்சளும் மேற்கோளும்

1995-ம் ஆண்டு மஞ்சளை வைத்து அமெரிக்காவில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று டெல்லியில் பெரிய கொந்தளிப்பைக் கிளப்பியது. இன்னொன்றை அப்போது இங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் பின்விளைவு அதிகம் இருந்தது அந்த இரண்டாவதற்குத்தான்.

முதலாவது பலரும் அறிந்த கதை. புண்ணை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கு, மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சேர்ந்த இரண்டு இந்திய வம்சாவளி ஆய்வாளர்களின் பெயரில் அந்த மார்ச் மாதம் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. டெல்லி ரஃபி மார்க்கில் தலைமையகம் வைத்திருக்கும் சி.எஸ்.ஐ.ஆர். சும்மா இருக்கவில்லை. தலைமை இயக்குநர் ஆர்.ஏ.மஷேல்கர் முன்னின்று, காப்புரிமையை மறுபரிசீலனை செய்யக் கோரி 1996-ல் மனுப் போட்டார்கள். சமஸ்கிருத, உருது, இந்தி நூல்கள், இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-ல் வந்த ஒரு கட்டுரை என்று 32 ஆவணங்கள் போய்ச் சேர்ந்தன. 1997-ல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் இறங்கிவந்தது. நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகப் பத்துப் போட்டது அங்கே சாட்சி ஆகவில்லை. அச்சில் ஏறியிருந்ததுதான் சாட்சி ஆனது. காகிதம்தான் மஞ்சளைக் காப்பாற்றியது.

இரண்டாவது காரியம் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் நடந்தது. உலகின் மிகப் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் ஒன்றான எம்.டி. ஆண்டர்சனின் ஆய்வுக்கூடத்திலிருந்து, மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை, உயிர்வேதியியல் உலகில் பெரிதும் மதிக்கப்படும் 'ஜர்னல் ஆஃப் பயாலஜிக்கல் கெமிஸ்ட்ரி'யில் வெளியானது. செல்லுக்குள் அழற்சியைத் தூண்டிவிடும் முக்கியமான புரதம் ஒன்றைக் குர்குமின் அடக்குகிறது என்றது கட்டுரை. ஆய்வுக்கூடத்தின் தலைவர் பரத் அகர்வால். பஞ்சாபின் படாலாவில் பிறந்தவர். டெல்லி பல்கலைக்கழகத்தில் 1970-ல் பி.எஸ்சி. முடித்தவர்.

அடுத்த 20 ஆண்டுகளில் அகர்வாலின் பெயர் தாங்கிய கட்டுரைகள் 600-ஐத் தாண்டின. மற்ற ஆய்வாளர்கள் அவற்றைச் சுட்டிக்காட்டிய எண்ணிக்கை லட்சத்தைக் கடந்தது. உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் விஞ்ஞானிகளின் பட்டியலில் அவர் பெயர் இடம்பிடித்தது. பிறகு அந்தக் கட்டுரைகளில் சில திரும்பப் பெறப்பட்டன. இன்று அந்தக் கணக்கு 30-ஐ ஒட்டி நிற்கிறது.

ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பை எண்களாகச் சுருக்கி, அந்த எண்களுக்குப் பதவியும் பணமும் பட்டமும் கொடுக்கும் முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைப்பது அரிது. அந்த எண்களை இந்தியாவில் எப்படி எண்ணுவது என்று முடிவெடுக்கும் அலுவலகங்கள் பெரும்பாலும் டெல்லியில் இருப்பதால், இது டெல்லியின் கதையும்கூட.

டெல்லி முதல் ஹூஸ்டன் வரை

அகர்வாலை வெறும் மஞ்சள் வியாபாரியாகப் பார்ப்பது நியாயமாகாது. டெல்லிக்குப் பிறகு காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி., கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1977-ல் முனைவர் பட்டம் என்று ஒழுங்காக ஏறிவந்தவர். 1980-ல் ஜெனன்டெக் நிறுவனத்தில் சேர்ந்தார். உயிரித் தொழில்நுட்பம் ஒரு தொழிலாக உருவெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கட்டிகளை அழிக்கும் தன்மை கொண்டதாகக் கருதப்பட்ட 'டி.என்.எஃப்.' என்ற புரதத்தைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய வேலையில் அவர் பங்கு பெரியது. அந்தப் புரதத்தின் மரபணுவை நகலெடுத்ததை அறிவித்த 1984-ம் ஆண்டு 'நேச்சர்' கட்டுரையின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர்.

டி.என்.எஃப். புற்றுநோய்க்கு மருந்தாகும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துப்போனது. ஆனால் அது அழற்சியின் முக்கியத் தூதுவன் என்பது தெரியவந்தது. அதைத் தடுக்கும் மருந்துகள் 1990-களின் இறுதியில் சந்தைக்கு வந்து, முடக்குவாதத்தால் கை விரல் மடக்க முடியாமல் கிடந்த எத்தனையோ பேரை எழுந்து நடமாட வைத்தன. அந்தக் கட்டடத்தில் அகர்வால் வைத்த செங்கல் உறுதியானது. இன்றுவரை யாரும் அதை அசைக்கவில்லை.

1989-ல் எம்.டி. ஆண்டர்சனுக்கு மாறினார். அங்கேதான் டி.என்.எஃப். தூண்டிவிடும் 'என்.எஃப்.-கப்பா பி' என்ற புரதத்தின் பக்கம் கவனம் திரும்பியது. செல்லுக்குள் உறங்கிக் கிடக்கும் இந்தப் புரதம், ஆபத்துச் செய்தி வந்ததும் உட்கருவுக்குள் புகுந்து அழற்சி சார்ந்த பல மரபணுக்களை ஒரே நேரத்தில் இயக்கிவிடும். பல புற்றுநோய்களில் இது ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்கிறது. இதை அணைக்க ஒரு பொருள் கிடைத்தால்? சிறுவயதில் வீட்டில் பார்த்த மஞ்சள் நினைவுக்கு வந்தது என்று அகர்வால் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

குர்குமினைப் புற்றுநோயோடு முதலில் சேர்த்துப் பார்த்தவர் அவர் அல்ல. 1980-களிலேயே கேரளத்தின் திருச்சூர் அமலா புற்றுநோய் மருத்துவமனையில் ராமதாசன் குட்டனும் கூட்டாளிகளும் மஞ்சள் சாற்றைப் பரிசோதித்து, புற்றுப் புண் உள்ள நோயாளிகளுக்கு மேற்பூச்சாகப் பயன்படுத்திப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஆனால் திருச்சூரிலிருந்து வரும் கட்டுரைக்கும் ஹூஸ்டனிலிருந்து வரும் கட்டுரைக்கும் ஒரே கனம் கிடைப்பதில்லை. எம்.டி. ஆண்டர்சன் என்ற முத்திரை விழுந்ததும் மஞ்சள் உலகச் செய்தியாகிவிட்டது.

அதன் பிறகு கதவு திறந்துகொண்டது. குர்குமின் மார்பகப் புற்றைத் தடுக்கிறது, ரத்தப் புற்றுச் செல்லைக் கொல்கிறது, கணையத்தில் வேலை செய்கிறது, குடலில் வேலை செய்கிறது என்றன கட்டுரைகள். அத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு தாவரப் பொருளாக எடுத்து அதே புரதத்தின் மீது சோதித்துப் பார்க்கும் கட்டுரைகள் அடுக்கடுக்காக வந்தன. இந்தியாவிலிருந்து போன இளம் முனைவர்கள் பலர் அந்தக் கூடத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, இங்கே தங்கள் மாணவர்களிடம் அதே பாணியைத் தொடர்ந்தார்கள். 'குர்குமின்' என்ற பெயரையே 'கியூர்குமின்' என்று திருப்பிப் போட்ட தலைப்போடு 2008-ல் ஒரு மதிப்பாய்வுக் கட்டுரை வந்தது. அகர்வால் கூட்டாகத் தொடங்கிய மருந்து நிறுவனத்தின் பெயர் 'கறி ஃபார்மசூட்டிகல்ஸ்'. 2011-ல் மசாலாப் பொருட்களின் மருத்துவ குணங்களைப் பற்றிப் பொதுவாசகர்களுக்கான நூலும் வந்தது. அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதியில் சுமார் 15 கோடி டாலர் குர்குமினுக்குப் போயிருக்கிறது.

வயிற்றைத் தாண்டாத மருந்து

குர்குமினில் ஒரு சிக்கல் உண்டு. அதை ஒளித்துவைத்ததாக யாரும் சொல்ல முடியாது. விழுங்கினால் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்பட்டதும் கல்லீரல் அதை உடனே மாற்றிக் கழித்துவிடுகிறது. கிராம் கணக்கில் சாப்பிட்டாலும் ரத்தத்தில் தென்படுவது மிகச் சொற்பம். ஆய்வுக்கூடத் தட்டில் செல்லின் மீது நேரடியாக ஊற்றும்போது கிடைக்கும் விளைவு, மனித உடலில் கிடைக்க வழியே இல்லை என்று கூடச் சொல்லலாம்.

இதை விரிவாக எடுத்துச் சொன்ன 2007-ம் ஆண்டு மதிப்பாய்வு யாருடையது தெரியுமா? அகர்வால் குழுவினுடையதுதான். ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டு, குர்குமின் இலக்கியத்திலேயே மிகப் பிரபலமான கட்டுரைகளில் ஒன்றாகிவிட்டது அது. 'இது உடலில் ஏறுவதில்லை' என்று சொல்லும் கட்டுரையை மேற்கோள் காட்டிவிட்டு, அடுத்த வரியிலேயே 'எனவே நாங்கள் புதிய வடிவத்தில் முயன்றோம்' என்று எழுதுவது ஒரு தனி மரபாகவே வளர்ந்தது. நானோ குர்குமின், கொழுப்பில் பொதிந்த குர்குமின், மிளகின் பைப்பரின் கலந்த குர்குமின். மேற்கோள் எண்ணிக்கை என்பது ஒரு கட்டுரையை எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் காட்டுவதில்லை. எத்தனை பேருக்கு அது தங்கள் முன்னுரையில் உதவியது என்பதைத்தான் காட்டுகிறது.

மனிதர்களிடம் நடந்த சோதனை ஒன்றைப் பார்க்கலாம். முற்றிய கணையப் புற்று நோயாளிகள் 25 பேருக்குத் தினமும் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்த எம்.டி. ஆண்டர்சன் ஆய்வு 2008-ல் வெளிவந்தது. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அப்படியானால் 8 கிராம் என்பது கால் கிலோவுக்கும் மேற்பட்ட மஞ்சள் தூளிலிருந்து எடுக்க வேண்டிய அளவு. மதிப்பிட முடிந்த 21 பேரில் ஒருவருக்கு நோய் ஒன்றரை ஆண்டுக்கு மேல் பெருகாமல் நின்றது. இன்னொருவருக்குக் கட்டி வெகுவாகச் சுருங்கி, சிறிது காலத்திலேயே நிலை மாறியது. மற்றவர்களைப் பற்றிச் சொல்ல நல்ல செய்தி இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் கிடையாது. கணையப் புற்றில் வேறு எதுவும் பெரிதாகக் கைகொடுக்காத காலத்தில் இதை ஒரு கீற்று வெளிச்சமாக எடுத்துக்கொண்டதில் தவறில்லை. அந்தக் கீற்றை வைத்து ஊர் முழுக்க விளக்குப் போட்டதுதான் தவறு.

2017 ஜனவரியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நெல்சனும் அவரது சகாக்களும், குர்குமினின் மருத்துவ வேதியியலை முழுவதுமாக அலசி எழுதினார்கள். 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், மருந்து எது, போலி மாத்திரை எது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் முறையாக நடத்தப்பட்ட எந்தச் சோதனையும் குர்குமினுக்குச் சாதகமாக முடியவில்லை என்பது அவர்கள் முடிவு. குர்குமின் நிலையற்ற மூலக்கூறு; எதன் மீது போட்டாலும் ஒட்டிக்கொண்டோ, ஒளிர்ந்தோ, சிதைந்தோ சோதனைக் கருவியை ஏமாற்றி 'வேலை செய்கிறது' என்ற முடிவைத் தந்துவிடும் ரகம். மருந்து வேதியியலாளர்கள் இப்படிப்பட்ட மூலக்கூறுகளுக்குத் தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள்.

குர்குமின் பொய்த்ததற்கும் அகர்வாலின் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நேர்மையாகச் செய்த ஆய்வும் தவறான மூலக்கூறின் பின்னால் போகலாம். அகர்வாலின் கட்டுரைகளில் எழுந்த கேள்வி வேறு மாதிரியானது. அது படங்களைப் பற்றியது.

கறுப்புக் கோடுகள்

ஒரு செல்லில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று காட்ட உயிரியலாளர்கள் 'வெஸ்டர்ன் பிளாட்' என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். முடிவு ஒரு படமாக வரும்: வரிசையாகச் சில கறுப்புக் கோடுகள், ஒன்று தடிமனாக, ஒன்று மெலிதாக. மருந்து கொடுத்த செல்லில் கோடு மங்கினால் மருந்து அந்தப் புரதத்தைக் குறைத்திருக்கிறது என்று அர்த்தம். கட்டுரையின் உயிர்நாடியே இந்தப் படம்தான். ஒவ்வொரு சோதனையிலும் கோட்டின் ஓரம், வளைவு, கறை எல்லாம் வேறு வேறாகத்தான் விழும். ஒரு படத்தில் இருந்த அதே கோடு, அதே கறையோடு, வேறொரு சோதனை என்று சொல்லப்படும் இடத்தில் மறுபடி தலைகாட்டினால் ஏதோ நடந்திருக்கிறது.

இப்படித் திரும்ப வரும் படங்கள் அகர்வாலின் கட்டுரைகளில் இருக்கின்றன என்று இணையத்தில் பெயர் சொல்லாத வாசகர்கள் எழுதத் தொடங்கினார்கள். 65 கட்டுரைகள் சம்பந்தமாகப் புகார்கள் வந்திருப்பதாகவும் எம்.டி. ஆண்டர்சன் விசாரிப்பதாகவும் 2012-ல் ஹூஸ்டன் செய்தித்தாள் வெளியிட்டது. ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்படுவதைத் தொடர்ந்து பதிவு செய்துவரும் 'ரிட்ராக்ஷன் வாட்ச்' தளமும் எழுதியது. 2013-ல் அகர்வாலின் வழக்கறிஞர்களிடமிருந்து அந்தத் தளத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது.

2015-ல் அகர்வால் எம்.டி. ஆண்டர்சனை விட்டு விலகினார். 2016 தொடக்கத்தில் 'பயோகெமிக்கல் ஃபார்மகாலஜி' என்ற ஒரே இதழ் ஏழு கட்டுரைகளை ஒரே மூச்சில் திரும்பப் பெற்றது. தரவுகளின் நம்பகத்தன்மை கேள்விக்குரியதாகிவிட்டது என்பது அறிவிப்பின் சாரம். 2018 பிப்ரவரியில் எண்ணிக்கை 19. அதன் பிறகும் நிற்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்பதாலேயே அதை எழுதியவர் மோசடி செய்தார் என்று தீர்ப்பாகிவிடாது. பெரிய ஆய்வுக்கூடத்தில் படத்தைத் தயாரிப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், கடைசியில் பெயர் போடுபவர் ஒருவர். யார் செய்தது என்பதை அந்த அறிவிப்புகள் சொல்வதில்லை. ஆனால் ஒரே ஆண்டில் பத்து இருபது கட்டுரைகளில் பெயர் போடுபவர், ஒவ்வொரு படத்தின் மூலத்தையும் தன் கண்ணால் பார்த்திருக்க முடியுமா? புகழைப் பங்கு போடும்போது கடைசிப் பெயருக்கு முதல் பங்கு. கணக்குக் கேட்கும்போது மட்டும் அந்தப் பெயர் எங்கோ தள்ளி நிற்க முடியாது.

இது ஒருவரின் கதை மட்டுமல்ல. ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக், 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே பார்த்துச் சரிபார்த்தார். அவற்றில் 3.8 சதவீதத்தில் சிக்கலான படங்கள் இருந்ததாகவும், அதில் குறைந்தது பாதி வேண்டுமென்றே மாற்றப்பட்டதைப் போல் தோன்றுவதாகவும் 2016-ல் எழுதினார். ஆம்ஜென் நிறுவனம் புற்றுநோய்த் துறையின் மைல்கல் ஆய்வுகள் 53-ஐ எடுத்துத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே தேறியதாக 2012-ல் 'நேச்சர்' இதழில் செய்தி வந்தது. மைல்கல்லே இந்த லட்சணம் என்றால், அதை நம்பிப் போன வண்டிகள் எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

ஓ.பி. வாசலில்

2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வருகிறது. 9 லட்சம் பேர் இறக்கிறார்கள். டெல்லி எய்ம்ஸின் புற்றுநோய் மையத்துக்குப் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து, அறை எடுக்க வழியில்லாமல் நடைபாதையிலும் சுரங்கப் பாதையிலும் படுத்திருப்பவர்களை அந்தப் பக்கம் போகிற எவரும் பார்க்கலாம். கீமோ தேதிக்கும் ஸ்கேன் தேதிக்கும் காத்திருக்கும் நாட்களில், கூட வந்தவர்கள் செல்போனில் தேடுகிறார்கள். தேடினால் முதலில் வருவது மஞ்சள். நம் ஆட்களும் விதிவிலக்கல்ல. கரோல் பாகிலோ ஆர்.கே.புரத்திலோ ஒரு தமிழ்க் குடும்பத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததும், ஊரிலிருந்து வரும் முதல் போனில் 'ஈரோட்டு மஞ்சள் அனுப்பறேன் அத்தே, பால்ல போட்டுக் குடுங்க' என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை.

பாலில் போடும் ஒரு சிட்டிகையால் யாருக்கும் தீங்கில்லை. சிக்கல் கேப்சூலில் இருக்கிறது. குர்குமின் ரத்தத்தில் ஏற வேண்டுமென்று மிளகுச் சாறு கலந்து விற்கிறார்கள் அல்லவா? மிளகின் பைப்பரின், கல்லீரல் பொருட்களைக் கழித்து வெளியேற்றும் வேகத்தைத் தடுக்கிறது. குர்குமினுக்கு மட்டுமில்லை, நோயாளி சாப்பிடும் மற்ற மருந்துகளுக்கும் அதே தடை. மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க வலையமைப்பு ஒன்று, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரை 2022-ல் விவரித்தது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. ஒருவர் இறந்தார். பெரும்பாலானவர்களிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. எண்ணிக்கை சிறியதுதான், எல்லோருக்கும் வருவதும் அல்ல. ஆனால் கீமோவில் ஏற்கெனவே தள்ளாடும் கல்லீரலுக்கு இந்தச் சூதாட்டம் எதற்கு? புற்றுநோய் மருத்துவர்கள் 'வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கேள்விக்குத்தான் நம் வீடுகளில் மறைத்துப் பதில் சொல்கிறோம்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைக்கு இதழ் தன் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டிவிடும். கேப்சூல் டப்பாவின் மீது அதை ஒட்ட யாரும் இல்லை.

எண்ணுகிற ஊர்

இனி டெல்லியின் பங்கு. பல்கலைக்கழக மானியக் குழு, 2010-ல் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. கட்டுரை எழுதினால் இத்தனை புள்ளி, மாநாட்டில் வாசித்தால் இத்தனை புள்ளி. முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. நோக்கம் நல்லதுதான்: பேராசிரியர்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டும். நடந்தது என்ன? காசு கொடுத்தால் ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன.

மானியக் குழுவே அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் எப்படி இருந்தது என்று பூஷண் பட்வர்தன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களில் 1,009-ஐ ஆராய்ந்ததில், 88 சதவீதத்துக்கு மேல் குறைந்தபட்சத் தரத்தைக் கூட எட்டவில்லை என்று 2018-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்த ஆண்டே பட்டியலிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட இதழ்கள் நீக்கப்பட்டன. 2019-ல் புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. முனைவர் பட்டத்துக்குக் கட்டாயக் கட்டுரை என்ற விதி 2022-ல் எடுக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு தலைமுறையையே கட்டுரை உற்பத்திக்குப் பழக்கிவிட்டுப் பிறகு 'கட்டாயமில்லை' என்றார்கள்.

கட்டாயம் போனாலும் பழக்கம் போகவில்லை. தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஃபிளெக்ஸைப் பார்க்கலாம்: உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் எங்கள் கல்லூரிப் பேராசிரியர்கள் இத்தனை பேர். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் இயோனிடிஸ் மேற்கோள் கணக்கை வைத்துத் தயாரிக்கும் பட்டியல் அது. யாருடைய கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன என்ற விவரம் 2024 முதல் அதே பட்டியலில் இருக்கிறது. ஃபிளெக்ஸில் அந்தக் கட்டத்தைப் போட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் தேர்வறையில் எழுதிய கட்டுரைகளே இதழ்களுக்குப் போய், அதே கல்லூரியின் கட்டுரைகளை மேற்கோள் காட்டின என்று 2023-ல் 'சயின்ஸ்' இதழ் செய்தி வெளியிட்டது. அதே ஆண்டு, அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்களின் பட்டியலைத் தயாரிக்கும் கிளாரிவேட் நிறுவனம், சந்தேகத்துக்குரிய கணக்கு என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒதுக்கிவிட்டது.

டெல்லி இப்போது வேறு பக்கமாக யோசிக்கிறது. மத்திய கல்வி அமைச்சகம் வெளியிடும் கல்வி நிறுவனங்களின் தரவரிசையில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் கழிக்கும் முறை 2025-ல் முதல்முறையாக வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் கழிப்பதும் ஒரு கணக்குத்தான். தண்டனைக்குப் பயந்து, தவறைத் தெரிந்தே திருத்தாமல் விட்டுவிடும் நிறுவனங்கள் பெருகினால் என்ன செய்வது? தன் தவறைத் தானே கண்டுபிடித்துக் கட்டுரையைத் திரும்பப் பெறும் நேர்மையாளருக்கும், பிடிபட்டவருக்கும் ஒரே தண்டனை கொடுத்தால் முதலாமவர் வாயை மூடிக்கொள்வார்.

திண்டுக்கல்லில் ஒரு கட்டுரை

எண்ணிக்கை போடாத சத்தத்தை ஒரு கட்டுரை எப்படிப் போடும் என்று பார்க்க டெல்லியிலிருந்து தெற்கே வர வேண்டும். 2000-ம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஓர் ஆய்வு தொடங்கியது. கையில் எடுத்தது வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம். அதைக் கர்ப்பப்பை வாயில் தடவினால், கோளாறுள்ள இடம் சிறிது நேரத்தில் வெளுக்கும். பயிற்சி பெற்ற செவிலியரே கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். 114 பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,000-க்கும் மேற்பட்ட பெண்கள். ஆய்வை முன்னின்று நடத்தியவர் பிரான்சின் லியோனில் உள்ள உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையில் பணியாற்றிய ரெங்கசாமி சங்கரநாராயணன். உள்ளூரில் அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவமனையும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் துணை நின்றன.

2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த பகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்று 25 சதவீதமும் அதனால் நேர்ந்த இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. சங்கரநாராயணன் குழுவே மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்களிடம் நடத்திய இன்னோர் ஆய்வு 2009-ல் வந்தது. எச்.பி.வி. கிருமிக்கான பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்தாலே முற்றிய நோயும் இறப்பும் ஏறக்குறைய பாதியாகும் என்றது அது. இன்று ஏழை நாடுகளின் பரிசோதனைத் திட்டங்கள் எழுதப்படும் இடத்தில் எல்லாம் இந்த இரண்டு கட்டுரைகளும் இருக்கின்றன.

இவையும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. பரிசோதனை செய்யப்படாத பகுதியில் இருந்த பெண்களை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டது அறமா என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா எழுப்பிய கேள்வி கனமானது. எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. ஆனால் கவனியுங்கள்: அந்த விவாதம் நடக்க முடிந்ததே, எந்தப் பகுதியில் எத்தனை பெண்கள், எத்தனை இறப்பு என்ற கணக்கு ஒளிவுமறைவில்லாமல் அச்சில் இருந்ததால்தான். குர்குமினின் கறுப்புக் கோடுகளுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது இன்றுவரை வெளியே தெரியவில்லை.

ஓர் ஆய்வுக்கு ஏழு ஆண்டு, ஊர் ஊராகச் செவிலியர் நடை, கடைசியில் ஒரு கட்டுரை. புள்ளி முறையில் இதற்கும், ஒரு மதிப்பாய்வை உட்கார்ந்த இடத்தில் தொகுத்ததற்கும் என்ன வித்தியாசம்? பெரிதாக ஒன்றுமில்லை. மேற்கோளில் மதிப்பாய்வுதான் ஜெயிக்கும். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் முன்வைத்த 'எச்-இன்டெக்ஸ்', ஒருவரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் ஒரே எண்ணில் அடக்குகிறது. நேர்முகத் தேர்வு அறையில் அது வசதியான எண். 40 என்று ஒருவருக்கும் 12 என்று இன்னொருவருக்கும் இருந்தால், கோப்பைத் திறக்காமலேயே முடிவெடுத்துவிடலாம்.

தேர்வுக் குழுக்களில் அமர்பவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: ஒரு பதவிக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம், ஒவ்வொருவருக்கும் 50 கட்டுரை, எல்லாவற்றையும் யார் படிப்பது? நியாயமான கேள்விதான். ஜெர்மனியின் ஆராய்ச்சி நிதி அமைப்பான டி.எஃப்.ஜி. 2010-லேயே இதற்கு ஒரு வழி செய்தது. நிதி கேட்பவர் தன் விவரக் குறிப்பில் ஐந்து கட்டுரைகளுக்கு மேல் காட்டக் கூடாது என்று விதி போட்டது. ஐந்துதான் என்றால் விண்ணப்பிப்பவர் தன்னுடைய சிறந்ததை எடுத்துவைப்பார், குழுவில் இருப்பவரும் படித்துப் பார்க்க முடியும். ரிட்ராக்ஷன் வாட்ச்சின் தரவுத்தளமும் 2023 முதல் எல்லோருக்கும் இலவசம். அந்த ஐந்தில் ஒன்று திரும்பப் பெறப்பட்டதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். இதை இங்கே கொண்டுவரப் புதிய சட்டமோ நாடாளுமன்ற விவாதமோ தேவையில்லை. மானியக் குழு இருக்கும் பகதூர் ஷா ஜஃபர் மார்க்கிலிருந்து ஒரு சுற்றறிக்கை போதும்.